நட்டவள் ஒருத்தி, பட்டா யார் பேரில்?

ஏரி மதகு திறந்ததும் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவள் பெண். வெயிலில் குனிந்து களை பறிப்பவள் பெண். கதிர் முற்றினால் அரிவாளோடு போகிறவளும் பெண்.

ஆனால், "இந்த ஊரில் விவசாயி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் ஆணைக் காட்டும். சர்க்கார் ஏடும் பெரும்பாலும் ஆணையே காட்டும்.

பெண்ணுக்கு என்ன பெயர்? "நடவு ஆள்", "களை ஆள்". சொந்த நிலத்திலேயே பாடுபட்டாலும், "வீட்டுக்காரருக்கு ஒத்தாசை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்!

விவசாயி என்ற பெயரை நம்பி எத்தனையோ காரியங்கள் இருக்கின்றன. பயிர்க் கடன் அந்தப் பெயருக்குத்தான் கிடைக்கும். மானியமும் அந்தப் பெயருக்குத்தான். ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசும் உரிமையும் அந்தப் பெயருக்குத்தான்.

2026-ம் ஆண்டை "சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டு" என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இதற்கான தீர்மானம் 2024-ல் நிறைவேறியது. உலகமே பெண்ணை விவசாயி என்று அழைக்கத் தீர்மானித்துவிட்டது. ஊரில் இருக்கும் ஏடு அவளை எப்படி அழைக்கிறது? அதுதான் கேள்வி.

பல்லவர் காலத்து ஏரி

ராணிப்பேட்டை மாவட்டத்தில் காவேரிப்பாக்கம் இருக்கிறது. முன்பு வட ஆற்காடு ஜில்லாவிலும், பிறகு வேலூர் மாவட்டத்திலும் இருந்த ஊர். 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆயிற்று.

காவேரிப்பாக்கம் என்றதும் நினைவுக்கு வருவது அதன் ஏரி. பல்லவர் காலத்தில் வெட்டிய ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பாலாற்றில் வெள்ளம் வந்தால், வாலாஜா பக்கத்து அணைக்கட்டில் இருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் இந்த ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் சுற்றுப்புறக் கிராமங்களில் நெல் விளையும்.

இந்தப் பக்கத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம். எந்தப் பட்டமானாலும் வேலைப் பிரிவினை மாறுவதில்லை.

சேடை ஓட்டுவது ஆண். வரப்பு வெட்டுவது ஆண். மருந்து அடிப்பது ஆண். நெல்லை விற்றுப் பணம் எண்ணுவதும் ஆண்.

நடவு பெண்ணுடையது. களை பெண்ணுடையது. கையால் அறுக்கும் இடங்களில் அறுப்பிலும் பெண்களே அதிகம். இதற்கெல்லாம் முன்னாலும் பின்னாலும் அடுப்பு, குழந்தை, மாடு, சாணம், தண்ணீர்க் குடம். இந்த வேலைகளுக்குக் கூலியும் கிடையாது, கணக்கும் கிடையாது.

ஏற ஏறக் குறையும் படி

நாடு முழுவதற்கும் உள்ள கணக்கைப் பார்த்தால் இந்த விஷயம் பளிச்சென்று தெரியும்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு இது: இந்தியாவில் விவசாயக் கூலிகள் 14 கோடியே 43 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 6 கோடியே 16 லட்சம். அதாவது 100-க்கு 43 பேர்.

அதே கணக்கில், சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவர்கள் என்று பதிவானவர்கள் 11 கோடியே 88 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 3 கோடியே 60 லட்சம். 100-க்கு 30 பேர்.

2015-16-ல் மத்திய சர்க்கார் விவசாயக் கணக்கெடுப்பு நடத்தியது. நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்து நடத்துகிறவர் யார் என்று அதில் கேட்டார்கள். 100 பேரில் சுமார் 14 பேரே பெண்கள். அவர்கள் கையில் இருந்த நிலமோ 100 ஏக்கருக்கு 12 ஏக்கர்கூட இல்லை.

43, 30, 14, 12. கூலி வேலை என்றால் பெண் நிறைய இருக்கிறாள். பயிர்ப் பொறுப்பு என்றால் குறைகிறாள். நிலம் என்றால் இன்னும் குறைகிறாள். படி ஏற ஏற அவளைக் காணோம்!

வயலில் பெண் இல்லாததாலா இப்படி? அதுவும் இல்லை. 2023-24-ல் மத்திய சர்க்கார் எடுத்த வேலைக் கணக்குப்படி, கிராமத்தில் வேலை செய்யும் பெண்கள் 100 பேரில் சுமார் 77 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். ஆண்களிலோ 100-க்கு 49 பேர்தான். ஆண்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். வயலில் நிற்கிறவள் பெண்.

"சிட்டா யார் பேரில் அம்மா?"

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. இரண்டு ஏக்கர் நஞ்சை. கணவன் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். விடியற்காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். விதை வாங்குவது, ஆள் கூப்பிடுவது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் மனைவி பொறுப்பு.

பயிர்க் கடன் கேட்டு அவள் போகிறாள்.

"சிட்டா யார் பேரில் இருக்கு அம்மா?"

"மாமனார் பேருல இருக்குங்க."

"அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவரு போயி ஆறு வருசம் ஆச்சுங்களே!"

"அப்போ உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. பட்டா மாத்திக்கிட்டு வரட்டும்."

கேட்டவர் கெட்டவர் அல்ல. அவருக்கு விதி அப்படி. ஆனால் என்ன நடந்தது பாருங்கள்! செத்துப் போன மாமனார் ஏட்டில் விவசாயியாக இருக்கிறார். பஸ் ஏறிப் போன புருஷன் நாளைக்கு விவசாயி ஆகலாம். காலில் சேறு காயாமல் நிற்கும் இவள் மட்டும் விவசாயி இல்லை!

கடனோடு இது முடிகிறதா? இல்லை.

2019-ல் மத்திய சர்க்கார் விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று தவணையாகப் பாங்கிக் கணக்கில் பணம் சேரும். யாருக்கு? நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு.

விவசாய இயந்திரம் வாங்குவதற்கு மானியம் உண்டு. அதில் பெண்ணுக்குச் சலுகை கூடுதல். மற்றவர்களுக்கு 100 ரூபாய்க்கு 40 ரூபாய் மானியம் என்றால், பெண்ணுக்கு 50 ரூபாய். நல்ல விதிதான். ஆனால் மனுவோடு சிட்டா நகல் வைக்க வேண்டுமே! நிலம் இல்லாதவள் எதை வைப்பாள்?

2025-ல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலை நடந்தது. ஆதார் எண்ணையும் நில விவரத்தையும் சேர்த்துப் பதிந்தார்கள். சர்க்கார் உதவிகளுக்கு இந்த எண் ஆதாரமாக இருக்கும் என்று சொன்னார்கள். பழைய ஏட்டில் இல்லாத பெயர் புதிய ஏட்டில் எப்படி வரும்? பழைய தவறு புதிய ஏட்டிலும் ஏறிவிடும். அதனால்தான் இது இப்போது பேச வேண்டிய விஷயம்.

தண்ணீருக்கும் ஓட்டு உண்டு

ஏரிப் பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசாங்கம் 2000-ம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆயக்கட்டில் உள்ளவர்கள் சங்கமாகச் சேர வேண்டும். தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல யோசனை.

அந்தச் சங்கத்தில் அங்கத்தினர் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள்.

எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கால்வாயை முதலில் தூர் வாருவது என்று பேசும் இடத்தில், நிலம் இல்லாத பெண்ணுக்கு ஓட்டு இல்லை. தண்ணீர் பத்து நாள் தள்ளி வந்தால் நாற்று முற்றிப் போகும் என்பது நடவு நடுகிறவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவளுக்கு இடம் இல்லை.

தோல் தொழிலும் வயலும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்தப் பாலாற்றுப் பகுதி முழுவதும் தோல் தொழிலுக்குப் பேர் போனது. இங்கே செய்யும் பூட்ஸும் செருப்பும் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகின்றன.

இந்தத் தொழில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பதனிடும் இடங்களில் ஆண்களும், பூட்ஸ் தைக்கும் கம்பெனிகளில் பெண்களும் அதிகம். மாதம் பிறந்தால் சம்பளம் கையில் வரும் என்பதால், படித்த இளம் பெண்கள் வயலை விட்டு அங்கே போகிறார்கள். வயலில் மிஞ்சுகிறவர்கள் நடுத்தர வயதுப் பெண்களும் கிழவிகளும்.

இதே தொழிலின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி கோர்ட்டு தீர்ப்பளித்தது. கெடுத்தவரே சீர்ப்படுத்தும் செலவையும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. நாடு முழுவதும் பேசப்பட்ட தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் பாலாற்று நஷ்டஈடு பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

நிலம் உப்பாகிப் போனால், நிலத்துக்கு உடையவர் பத்திரத்தைக் காட்டி நஷ்டஈடு கேட்கலாம். அந்த நிலத்தில் இருபது வருஷம் நாற்று நட்டு, இப்போது வேலை இழந்து நிற்கும் பெண் எதைக் காட்டுவாள்? காய்த்துப்போன கையைத்தான் காட்டுவாள்! அதற்குப் பத்திரம் ஏது?

இயந்திரம் வந்தது, ஆள் மாறியது

முன்பு அறுப்புக் காலம் என்றால் வயல் நிறையப் பெண்கள். இன்று அறுப்பு இயந்திரம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது.

இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நாள் முழுவதும் குனிந்து நடும் முதுகின் வலி பெண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் இயந்திரத்தை ஓட்டுகிறவர் யார்? ஆண். அதன் சொந்தக்காரர் யார்? ஆண்.

திருந்திய நெல் சாகுபடி முறை வந்தபோது, களை எடுக்க உருளைக் களைக் கருவி வந்தது. நின்றபடியே தள்ளலாம். கையால் களை பறித்தவரையில் அது பெண்கள் வேலை. கருவி வந்ததும் பல இடங்களில் அது ஆண்கள் வேலை ஆகிவிட்டது! ஆண் கூலியும் கொடுத்தார்கள். வேலை இலேசாயிற்று, கூலி ஏறிற்று, பெண் வெளியே நின்றாள்.

இதற்கு மருந்து, இயந்திரத்தைத் தடுப்பது அல்ல. அதை ஓட்டப் பெண்ணுக்கும் பழக்குவதுதான்.

கூலியில் பேதம்

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும் என்று 1976-ல் சட்டம் வந்தது. 2019-ம் ஆண்டுச் சம்பளச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி சேர்ந்தது.

ஆனால் வயலில் நடப்பது வேறு. "ஆண் ஆள்" கூலி, "பெண் ஆள்" கூலி என்று ஊரே பிரித்து வைத்திருக்கிறது. "அவன் செய்கிற வேலை வேறு, இவள் செய்கிற வேலை வேறு" என்று சமாதானம் சொல்வார்கள். வரப்பு வெட்டுவது கஷ்டமான வேலை; சரி. முழங்கால் சேற்றில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்பது சுகமான வேலையா?

ஒரே கூலி நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதன்முதலாகத் தன் பெயரில் பாங்கிக் கணக்கு வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 2025 டிசம்பரில், அதற்குப் பதிலாக 125 நாள் வேலை கொடுக்கும் வேறு சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. திட்டத்தின் பெயர் மாறலாம். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுத்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்ற பாடம் மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது தவறு.

1956-ல் இந்து வாரிசு உரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்றது. ஆனால் பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை மகனுக்கு மட்டுமே வைத்தது.

அந்தக் குறையை முதலில் ஆந்திரா நீக்கிற்று. பிறகு தமிழ்நாடு நீக்கிற்று. 1989 மார்ச் 25-ந் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பரம்பரைச் சொத்திலும் சம உரிமை கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டமும் திருந்தியது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போயிற்று. விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கும் போயிற்று. 2005-ல் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு இந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

பாலாற்றுப் பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். முஸ்லிம் சட்டப்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு உண்டு. பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. 1937-ம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. 1949-ல் சென்னை ராஜ்யம் திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் சேர்த்தது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டுச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும்.

ஆக, எந்த மதத்துப் பெண்ணானாலும் நிலத்தில் அவளுக்குப் பங்கு உண்டு.

சீர் வேறு, பங்கு வேறு

சட்டம் இருந்தும் நிலம் ஏன் பெண் கைக்கு வரவில்லை?

தகப்பனார் இறந்ததும் அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரம் கொண்டுவருகிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு. இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா!" என்கிறார்கள். தங்கை போட்டுவிடுகிறாள்.

பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்து போகுமோ என்று அவளுக்குப் பயம். நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்க அண்ணன் வேண்டுமே என்ற கவலை. அதனால் நிலத்தை விட்டுக்கொடுத்து உறவை வைத்துக்கொள்கிறாள்.

சீர் என்பது பிரியத்தால் கொடுப்பது. பங்கு என்பது சட்டத்தால் வருவது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிப்பது நியாயமா? அண்ணன் கல்யாணச் செலவை யாராவது அவன் பங்கில் கழித்தார்களா?

பெயர் இருந்தால் என்ன லாபம்?

"குடும்பம் ஒன்றுதானே! யார் பேரில் இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

எல்லாம் நன்றாக இருக்கும்வரை யாரும் பத்திரத்தைத் தேடுவதில்லை. புருஷன் இறந்த மறுநாள் தேடுவார்கள். கடன்காரன் வாசலில் நின்றால் தேடுவார்கள். குடித்துவிட்டு ஒருவன் நிலத்தை விற்கத் துணிந்தால் தேடுவார்கள். அந்த நாளில் பத்திரம்தான் பேசும்.

கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பீனா அகர்வால், பிரதீப் பாண்டா என்ற இரண்டு அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2005-ல் அது வெளியாயிற்று. வீடும் நிலமும் இல்லாத மனைவிகள் 100 பேரில் 49 பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். வீடும் நிலமும் தன் பெயரில் உள்ளவர்களில் அடி வாங்கியவர்கள் 100-க்கு 7 பேர்தான்! போக இடம் உள்ளவளை அடிக்கக் கை கூசுகிறது.

நாட்டுக்கும் லாபம் உண்டு. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளரும் நாடுகளில் விவசாயத்தில் உழைப்பவர்களில் 100-க்கு 43 பேர் பெண்கள். நிலம், கடன், உரம், பயிற்சி இவற்றை ஆணுக்குக் கிடைப்பதுபோல் பெண்ணுக்கும் கொடுத்தால், அவள் வயலில் விளைச்சல் 100 மூட்டைக்கு 20 முதல் 30 மூட்டை கூடும் என்று அது சொன்னது. அதனால் 10 கோடி முதல் 15 கோடி பேர் வரை பசியில் இருந்து மீளலாம் என்றும் கணக்குக் காட்டியது.

2023-ல் வந்த அறிக்கையும் அதையே சொல்கிறது. ஒரே அளவு நிலத்தில், பெண் நடத்தும் பண்ணையின் விளைச்சல் ஆண் நடத்தும் பண்ணையைவிட 100-க்கு 24 குறைவாக இருந்தது. காரணம் பெண்ணின் கை அல்ல. அந்தக் கைக்கு வராத உரமும் கடனும் கருவியும்தான்.

வழி பிறந்த இடங்கள்

வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலேயே வழி காட்டியவர்கள் உண்டு.

கிருஷ்ணம்மாள் ஜெகநாதனும் அவர் கணவர் ஜெகநாதனும் சர்வோதய ஊழியர்கள். 1981-ல் "லாப்டி" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கீழத் தஞ்சைப் பகுதியில் நிலச்சுவான்தார்களிடம் பேசி, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமில்லாத ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். யார் பேரில் எழுதினார்கள்? பெண்கள் பேரில்! குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன.

தமிழ்நாடு அரசாங்கம் 2023-ல் "நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்" அறிவித்தது. நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம். 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 100-க்கு 1 குறைவு என்ற சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் வந்தது.

கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார்கள். தனி ஒருத்திக்குக் கொடுக்கத் தயங்கும் பாங்கி, குழுவுக்குக் கொடுக்கிறது.

ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா என்று ஒரு நாடு. நம்மைவிட ஏழை நாடு. அங்கே சில மாகாணங்களில் நிலச் சான்றிதழில் கணவன் பெயரும் மனைவி பெயரும் எழுதி, இருவர் படத்தையும் ஒட்டிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளும் படத்தைப் பார்த்து, "இது என் நிலம்" என்று சொல்லலாம்!

நிறைவேறாத மசோதா

விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் ராஜ்யசபை அங்கத்தினராக இருந்தபோது, பெண் விவசாயிகள் உரிமைக்காக ஒரு தனி மசோதா தயாரித்தார். 2012-ல் அது சபையில் வந்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விவசாயம் செய்கிற பெண்ணுக்குக் கிராம சபையின் ஒப்புதலோடு "பெண் விவசாயி" என்று சான்று கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சான்றைக் காட்டிக் கடனும் உதவியும் பெறலாம்.

2013-ல் அவர் பதவிக் காலம் முடிந்தது. மசோதாவும் அதோடு காலாவதி ஆயிற்று. சுவாமிநாதன் 2023-ல் மறைந்தார். 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது கொடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த பெருமை போற்றத்தக்கது. அவர் கொண்டுவந்த மசோதாவையும் சட்டமாக்கினால் பெருமை முழுமை அடையும்.

நிலமே இல்லாத கூலிப் பெண்ணுக்கு அந்தச் சான்றுதான் பட்டா.

இன்று வீட்டில் செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

பெட்டியில் இருக்கும் பட்டாவை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? இறந்தவர் பெயர் இருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். வாரிசுகளில் மனைவியும் மகளும் உண்டு. அவர்கள் பெயர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக நிலம் வாங்கினால் மனைவி பேரிலோ, இருவர் பேரிலுமோ பதியுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், உடனே போட வேண்டாம். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்து, புரிந்து, சம்மதம் இருந்தால் மட்டும் போடுங்கள். ஒரு தடவை போட்ட கையெழுத்தை அழிப்பது சுலபம் அல்ல.

பெயர் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. பெண் பேரில் பத்திரம், ஆண் கையில் பெட்டிச் சாவி என்றால் பயன் இல்லை. பணம் வரும் பாங்கிப் புத்தகமும் அவள் கையில் இருக்க வேண்டும். ஏரிச் சங்கக் கூட்டத்துக்கு அவளும் போக வேண்டும்.

காவேரிப்பாக்கம் ஏரி எத்தனையோ அரசர்களைப் பார்த்தது. எத்தனையோ சர்க்கார்களைப் பார்த்தது. அந்தக் காலம் முழுவதும் அதன் தண்ணீரில் இறங்கி நாற்று நட்டவள் பெண்தான். இந்த வீட்டு மகள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். நாளைக்கு அவள் பட்டாவைப் பிரித்துப் படிக்கும்போது, அதில் தன் தாயின் பெயரைப் பார்க்கட்டும்.